வளையும் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் எண்ணெய்: தாலேட்டுகள் குறித்து ஒரு விளக்கம்

2025 ஏப்ரல் இறுதியில் உலகெங்கும் நாளிதழ்களில் ஒரு செய்தி வெளியானது. பிளாஸ்டிக்கை வளையவைக்கக் கலக்கப்படும், தாலேட் வகையைச் சேர்ந்த டிஇஎச்பி என்ற வேதிப்பொருளுக்கும் இதய நோய் மரணங்களுக்கும் உள்ள தொடர்பை நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். 2018-ஆம் ஆண்டில் 55 முதல் 64 வயது வரையுள்ளவர்களிடையே நேர்ந்த இதய நோய் மரணங்களில் சுமார் 3.56 லட்சத்தை இந்தப் பொருளோடு தொடர்புபடுத்தலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அதில் இந்தியாவின் பங்கு மட்டும் 1.03 லட்சத்துக்கு மேல். எந்த நாட்டுக்கும் இதைவிட அதிக எண்ணிக்கை இல்லை.

இத்தகைய செய்திகளுக்கு வழக்கமாகப் போடப்படும் படம் தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டிலைச் செய்ய டிஇஎச்பி தேவைப்படுவதே இல்லை என்பதிலிருந்து குழப்பம் தொடங்குகிறது. அஞ்ச வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் பதறினால் யாருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. டிஇஎச்பி எந்தப் பொருளில், எதற்காகச் சேர்க்கப்படுகிறது, எப்போது வெளியேறுகிறது, வெளியேறினால் யாரைப் பாதிக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

விறைத்த பிவிசி வளைந்த வரலாறு

பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு இயல்பில் விறைப்பானது. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சாம்பல் நிறக் குழாயை ஓங்கி மிதித்தால் உடையுமே தவிர மடங்காது. காரணம் அதன் மூலக்கூறு அமைப்பில் இருக்கிறது. நீண்ட கார்பன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் குளோரின் அணு அமர்ந்திருக்கிறது. குளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், சங்கிலி நெடுகிலும் லேசான நேர்மின் தன்மை கொண்ட இடங்களும் எதிர்மின் தன்மை கொண்ட இடங்களும் உண்டாகின்றன. அருகருகே உள்ள சங்கிலிகள் இந்த இடங்களில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் இந்தப் பிடி தளரும்.

சாதாரண வெப்பநிலையிலேயே பிடியைத் தளர்த்த வேண்டுமானால், சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கி வைக்கும் ஒரு திரவம் வேண்டும். அதன் பெயர் பிளாஸ்டிசைசர். இனி இளக்கி என்றே குறிப்பிடுவோம். ஆறிப்போன இடியாப்பம் இழையோடு இழை ஒட்டி விறைத்துக் கிடக்கும்போது, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசிறினால் இழைகள் நழுவிப் பிரிகின்றன அல்லவா, ஏறக்குறைய அதே வேலையை இளக்கி மூலக்கூறு அளவில் செய்கிறது. போதுமான அளவு சேர்த்துவிட்டால், பிவிசி விறைக்கும் வெப்பநிலை அறை வெப்பநிலைக்கு வெகு கீழே இறங்கிவிடும். பிறகு அது குளிர்காலத்திலும் தோல்போல மடங்கும்.

இந்த உத்தி பிவிசிக்கும் முந்தையது. 1870-இல் அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டில் இளக்கியாக இருந்தது, நாம் பூஜையில் ஏற்றுகிற அதே கற்பூரம். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் தானே கரைந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். செல்லுலாய்டுப் பொருட்களும் ஆண்டுகள் செல்லச்செல்லக் கற்பூரத்தை இழந்து சுருங்கின, விரிசல் விட்டன. உள்ளே வைத்த இளக்கி உள்ளேயே தங்காது என்ற சிக்கல் பிளாஸ்டிக் வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

பிவிசியை 1872-இல் ஜெர்மனியில் ஆய்கன் பவ்மன் கவனித்துப் பதிவு செய்தார். வெள்ளைப் பொடி, எதற்கும் உதவாது என்று அரை நூற்றாண்டு கிடந்தது. 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமோன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். அதிகக் கொதிநிலை கொண்ட திரவங்களில் பிவிசியைச் சூடாக்கி ஆறவைத்தபோது பசை கிடைக்கவில்லை. துள்ளும், வளையும், தண்ணீர் புகாத ஒரு பொருள் கிடைத்தது. வளையும் பிவிசியின் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. 1930-களில் டிஇஎச்பி சந்தைக்கு வந்தபின் அதற்கு நிகரான இளக்கி நெடுங்காலம் வரவில்லை.

தாலேட் குடும்பம்

தாலேட் என்பது ஒரே பொருளின் பெயரல்ல. நடுவில் ஒரு பென்சீன் வளையம். அதன் அடுத்தடுத்த இரண்டு மூலைகளில் இரண்டு வால்கள். வால் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்துக் குடும்பத்தினரின் குணமும் வேலையும் மாறுகின்றன.

1. மிகக் குட்டை வால் கொண்டவை டிஎம்பி, டிஇபி. வாலில் ஒன்று அல்லது இரண்டு கார்பன்தான். எளிதில் ஆவியாகிவிடும் என்பதால் பிவிசிக்கு ஏற்றவை அல்ல. வாசனைத் திரவியங்களில் மணத்தைக் கரைத்துப் பிடித்துவைக்க டிஇபி பயன்படுகிறது.

2. நடுத்தர வால்: நான்கு கார்பன் கொண்ட டிபிபி, அதன் நெருங்கிய உறவான பிபிபி. நகப்பூச்சு, பசை, வினைல் தரைவிரிப்பு ஆகியவை இவற்றின் இடம்.

3. எட்டுக் கார்பன் வால் கொண்டது டிஇஎச்பி. நம் ஊர்ப் பிளாஸ்டிக் தொழிலில் இதை டிஓபி என்றே சொல்வார்கள். நிறமற்ற, ஏறக்குறைய மணமற்ற எண்ணெய். விலை குறைவு, பிவிசியோடு நன்றாகக் கலக்கும், எளிதில் ஆவியாகாது.

4. ஒன்பது, பத்துக் கார்பன் கொண்டவை டிஐஎன்பி, டிஐடிபி. இன்னும் மெதுவாக வெளியேறும். சூடு தாங்க வேண்டிய கேபிள்களுக்கும் கார் உட்புறங்களுக்கும் இவை பொருத்தம்.

டிஇஎச்பி தயாரிப்பு சிக்கலானதல்ல. தாலிக் அன்ஹைட்ரைடு ஒரு பங்கோடு 2-எத்தில் ஹெக்சனால் என்ற எட்டுக் கார்பன் ஆல்கஹால் இரண்டு பங்கு வினைபுரிந்து, டிஇஎச்பியும் தண்ணீரும் தருகின்றன. முதல் மூலப்பொருள் ஆர்த்தோ சைலீன் என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் தாலிக் அன்ஹைட்ரைடு தயாராகிறது; மேட்டூரிலும் கடலூரிலும் ரெசின் எனப்படும் பிவிசி மூலப்பொடி தயாராகிறது. ஆகவே இது எங்கோ தொலைதூரத்து வேதியியல் அல்ல.

ரெசினிலிருந்து வயர் வரை

தொழிற்சாலைக்கு வரும் பிவிசி ரெசின் மைதாமாவைப் பார்ப்பதுபோல வெண்மையானது. ஆனால் அதன் ஒவ்வொரு துகளிலும் நுண்ணிய துளைகள் உண்டு. அதிவேக மிக்ஸரில் ரெசினைச் சுழற்றிச் சூடேற்றி இளக்கியை ஊற்றும்போது, துளைகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. கலவை ஈரமாகத் தெரியாது, பொலபொலவென்று உதிரும். இதனோடு வெப்பத்தில் பிவிசி சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசர், விலையைக் குறைக்கச் சுண்ணாம்புப் பொடி, நிறமி ஆகியவை சேரும். பிறகு எக்ஸ்ட்ரூடர் என்ற எந்திரத்தில் உருக்கிச் செம்புக் கம்பியின்மேல் ஏற்றினால் வயர். உருளைகளுக்கு இடையே அழுத்தி எடுத்தால் தாள்.

இன்னொரு வழியும் உண்டு. மிக நுண்ணிய பிவிசித் துகளை இளக்கியில் கலக்கித் தோசைமாவுப் பதத்தில் ஒரு குழம்பு தயாரிப்பார்கள். பிளாஸ்டிசால் என்று பெயர். துணியின்மேல் தடவி அடுப்பில் 160 முதல் 200 டிகிரி வரை சூடாக்கினால் ரெசின் இளக்கியை முழுவதும் விழுங்கி ஒரே படலமாக இறுகிவிடும். பஸ் இருக்கையின் ரெக்சின் இப்படிப் பிறக்கிறது.

அளவுகளைக் கவனிக்க வேண்டும். தொழிலில் இளக்கியை, 100 பங்கு ரெசினுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள். வயர் உறைக்கு ஏறத்தாழ 40 முதல் 60 பங்கு. அப்படியானால் கையில் பிடித்திருக்கும் வயர் உறையின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை எண்ணெய். சலைன் பைகளில் 20 முதல் 40 சதவீதம்வரை டிஇஎச்பி இருக்கலாம் என்றும், மருத்துவக் குழாய்களில் 80 சதவீதம்வரை போகலாம் என்றும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குறிப்பிட்டிருக்கிறது. பிளாஸ்டிக்கில் சிட்டிகை அளவில் சேரும் நிறமிகளையும் காப்புப் பொருட்களையும்போல இதை எண்ணிவிடக் கூடாது. வளையும் பிவிசியின் எடையில் இளக்கிக்குப் பெரும் பங்கு உண்டு.

ஏன் வெளியேறுகிறது?

இளக்கிக்கும் பிவிசிக்கும் வேதிப் பிணைப்பு கிடையாது. சங்கிலிகளுக்கு நடுவே அது தங்கியிருக்கிறதே தவிர, கட்டப்பட்டிருக்கவில்லை. கட்டியிருந்தால் சங்கிலிகள் நழுவ முடியாது, வளைவும் இராது. பொருளை மென்மையாக்கும் அந்தத் தளர்வுதான் இளக்கிக்கு வெளியே போகும் வழியையும் திறந்துவிடுகிறது. தாலேட் விவாதம் முழுவதற்கும் வேர் இது.

பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பிளாஸ்டிக் பென்சில் பெட்டியில் ஒரு அழிரப்பரை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால், ரப்பர் பெட்டியோடு ஒட்டி, அந்த இடம் குழைந்து பள்ளமாகிவிடும். அது பல சமயம் உண்மையான ரப்பர் அல்ல, வளையும் பிவிசி. அதிலிருந்த இளக்கி பெட்டிக்குள் புகுந்து, பெட்டியையும் இளக்கிவிட்டது. மின்சாதனங்களின் பெட்டிக்குள் தெர்மகோல் மேல் பல காலம் கிடந்த வயர், தெர்மகோலைத் தின்று தடம் பதித்திருப்பதும் அப்படித்தான். பழைய ரெக்சின் வெடிப்பது இதன் மறுபக்கம்: இளக்கி போய்விட்டது, விறைப்பு திரும்பிவிட்டது.

எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன.

1. தொடும் பொருள். டிஇஎச்பி தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் தாராளமாகக் கரையும். ஆகவே பச்சைத் தண்ணீர் ஓடும் குழாயும், எண்ணெயோ நெய்யோ பாலோ ஓடும் குழாயும் ஒன்றல்ல. ரத்தத்திலும் கொழுப்பும் புரதமும் இருக்கின்றன.

2. வெப்பம். சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக நகரும். வெயிலில் நின்ற காரைத் திறந்ததும் வரும் வாடையிலும், நாளடைவில் கண்ணாடியின் உட்புறம் படியும் மங்கலான படலத்திலும் இளக்கிகளுக்குப் பங்குண்டு.

3. தொடும் நேரமும் பரப்பும். மெல்லிய தாளும் நீண்ட மெல்லிய குழாயும் கனமான கட்டியைவிட அதிகம் இழக்கும்.

இந்த மூன்றும் கூடிவந்த ஒரு நிகழ்வு ஜப்பானில் நடந்தது. கடைகளில் விற்கும் மதிய உணவுப் பொட்டலங்களை ஆய்வு செய்தபோது எதிர்பாராத அளவு டிஇஎச்பி இருந்தது. பொட்டலம் காரணம் அல்ல. உணவை அடுக்கிய தொழிலாளர்கள் அணிந்திருந்த பிவிசிக் கையுறைகள்தான் காரணம். சுத்தத்துக்காகக் கையுறைமேல் தெளிக்கப்பட்ட ஆல்கஹால் இளக்கி வெளியேறுவதைக் கூட்டியது. 2000-ஆம் ஆண்டிலேயே அத்தகைய கையுறைகளை உணவுப் பணியில் தவிர்க்க அந்நாட்டு அரசு உத்தரவிட்டது. நம் உணவகங்களில் கையுறை அணியச் சொல்லும் அதிகாரிகள், எந்தக் கையுறை என்பதையும் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

2011-இல் தைவானில் வெடித்த விவகாரம் வேறு வகை. பழச்சாறுகளைக் கலங்கலாகவும் கெட்டியாகவும் காட்டச் சேர்க்கும் பொருளில், பாமாயிலுக்குப் பதிலாக விலை குறைந்த டிஇஎச்பியை வேண்டுமென்றே கலந்திருந்தார்கள். சத்துப்பொடி ஒன்றில் வேறு மருந்தைத் தேடிக்கொண்டிருந்த ஓர் அரசு ஆய்வக ஊழியர், ஆய்வுக் கருவியின் வரைபடத்தில் வந்த அறிமுகமில்லாத சமிக்ஞையைப் புறக்கணிக்காமல் துருவிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. பானங்கள், ஜாம், சிரப் எனப் பல பொருட்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. அது கலப்படக் குற்றம். பிளாஸ்டிக்கிலிருந்து கசிவதோடு அதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

எதில் இருக்கிறது, எதில் இல்லை

வளையும் பிவிசி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஏதோ ஓர் இளக்கி இருக்கிறது. அது தாலேட்டாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். மின்வயர், ரெக்சின், தோட்டத்து ஹோஸ், மேசை விரிப்பு, மழைக்கோட்டு, வினைல் தரைவிரிப்பு, ஊதிப் பெரிதாக்கும் பொம்மை, மருத்துவக் குழாய், ரத்தப் பை. தெருவெங்கும் நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனரும் இந்தப் பட்டியலில் சேரும். பாலியெஸ்டர் வலைத்துணிமேல் வளையும் பிவிசி பூசியதுதான் ஃப்ளெக்ஸ். விழா முடிந்தபின் அதைக் கூரையாகப் போடுவது இருக்கட்டும். மொட்டைமாடி வெயிலில் அதை விரித்து வடகமும் வற்றலும் காயவைப்பதை உடனே நிறுத்த வேண்டும். உணவுக்காகச் செய்த பொருள் அல்ல அது.

இளக்கி தேவைப்படாதவையும் உண்டு:

தண்ணீர் பாட்டில். இது பெட் என்ற பாலியெத்திலீன் டெரிஃப்தாலேட். பெயரில் தாலேட் ஒலிப்பதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இங்கே வளையத்தின் இரண்டு தொகுதிகளும் எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. அவை சங்கிலியின் உறுப்பாகவே பிணைந்தும் இருக்கின்றன. பாட்டிலை வெயிலில் வைத்து மாதக்கணக்கில் திரும்பத்திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. டிஇஎச்பி அவற்றில் முதன்மையானது அல்ல.

கேரி பேக், பால் கவர், சாம்பார் கட்டித்தரும் மெல்லிய கவர். இவை பெரும்பாலும் பாலியெத்திலீன். அதன் சங்கிலிகளுக்கு இடையே பலமான பிடி இல்லாததால் இளக்கி இல்லாமலே வளையும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்ததற்குக் காரணம் மக்காத குப்பை. கொதிக்கும் சாம்பாரைக் கவரில் ஊற்றாமல் இருப்பது நல்லதே. ஆனால் அதைத் தாலேட் கணக்கில் எழுதக் கூடாது.

யுபிவிசி ஜன்னல், தண்ணீர்க் குழாய். யு என்ற எழுத்துக்கே இளக்கி சேர்க்காதது என்று பொருள்.

உடலுக்குள் நடப்பது

டிஇஎச்பி பெரும்பாலும் உணவு வழியாக உள்ளே போகிறது. தூசி, காற்று, குழந்தைகள் வாயில் வைக்கும் பொருட்கள் ஆகியவை அடுத்த வழிகள். குடலில் என்சைம்கள் அதன் ஒரு வாலை வெட்டி எம்இஎச்பி என்ற பொருளாக்குகின்றன. உயிரியல் விளைவுகள் பெரும்பாலும் இதனால்தான். பிறகு கல்லீரல் அதை மேலும் மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. பெரும்பகுதி ஓரிரு நாளில் வெளியேறிவிடும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைப்போல ஆண்டுக்கணக்கில் கொழுப்பில் தேங்காது.

அப்படியிருந்தும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுகளில் பரிசோதிக்கப்பட்ட அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் தாலேட்டுகளின் எச்சம் இருந்தது. தினமும் வெளியேறுகிறது, தினமும் உள்ளே போகிறது. இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது: மூலத்தை அடைத்தால் உடலில் உள்ள அளவு சில நாட்களிலேயே இறங்கும்.

தீங்கு என்ன? சான்றுகளின் பலம் ஒரே மாதிரி இல்லை.

ஆண் கருவின் வளர்ச்சி பாதிக்கப்படுவது பற்றிய சான்று மிகப் பலமானது. கருவுற்ற எலிகளுக்கு டிஇஎச்பி, டிபிபி, பிபிபி ஆகியவற்றைக் கொடுத்தால், ஆண் குட்டிகளின் விதைகளில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உற்பத்தி குறைகிறது. உறுப்பு வளர்ச்சிக் குறைபாடுகள், இறங்காத விதைகள், பிற்காலத்தில் விந்தணுக் குறைவு ஆகியவை தொடர்கின்றன. டிஎம்பியும் டிஇபியும் இதைச் செய்வதில்லை; டிஐஎன்பி பலவீனமாகச் செய்கிறது. எல்லாத் தாலேட்டும் ஒரே நஞ்சு என்று பேசுவது இதனால்தான் தவறு. மனிதர்களிடம் 2005-இல் ஷானா ஸ்வான் தலைமையிலான குழு 85 ஆண் குழந்தைகளை ஆராய்ந்து, கருவுற்ற காலத்தில் தாயின் சிறுநீரில் சில தாலேட்டுகளின் எச்சம் கூடுதலாக இருந்தால் குழந்தையின் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் குறைந்திருப்பதாகக் கண்டது. எலிகளில் ஆண்தன்மை வளர்ச்சியை அளக்கும் குறியீடும் அந்தத் தூரமே.

புற்றுநோய் விஷயத்தில் அறிவியல் இருமுறை மனம் மாற்றியது. கல்லீரல் கட்டிகள் எலிகளில் வந்ததை வைத்து, 1982-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டிஇஎச்பியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. எலிக் கல்லீரலுக்கே உரிய ஒரு வழிமுறையால் அது நேர்கிறது என்று வாதிட்டு, 2000-இல் வகைப்படுத்த இயலாத 3-ஆம் பிரிவுக்கு இறக்கினார்கள். வேறு வழிமுறைகளும் இருக்கலாம் என்பது தெரியவந்தபின் 2011-இல் மீண்டும் 2பி.

இதய நோய் குறித்த 2025 மதிப்பீடு இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறது. அமெரிக்கர்களிடம் கிடைத்த தொடர்பின் அளவை எடுத்து, ஒவ்வொரு நாட்டு மக்களும் எவ்வளவு டிஇஎச்பியை எதிர்கொள்கிறார்கள் என்ற கணிப்போடு பெருக்கி எண்ணிக்கைக்கு வந்திருக்கிறார்கள். டிஇஎச்பி மட்டுமே நேரடியாக இந்த மரணங்களை விளைவித்தது என்று நிறுவும் ஆய்வு அல்ல இது; ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. பொட்டலத்தில் அடைத்த, பதப்படுத்திய உணவை அதிகம் உண்பவருக்கு டிஇஎச்பியும் கூடும், உப்பும் கொழுப்பும் கூடும். இவற்றை முழுக்கப் பிரித்தெடுப்பது கடினம். இந்தியாவில் ஒரு லட்சம் பேரைக் கொன்றது என்று தலைப்புப் போட்டது மிகை. அதற்காகச் செய்தியைத் தூக்கி எறியவும் முடியாது. நம் மக்கள்தொகையும், இதய நோயின் சுமையும், கட்டுப்பாடு தளர்ந்த பிளாஸ்டிக் பயன்பாடும் ஒன்றாகச் சேரும் இடத்தில் இந்தியா முதலில் நிற்பதில் வியப்பில்லை.

சட்டங்கள்

எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் ஓர் எல்லை வகுத்தது. டிஇஎச்பி, டிபிபி, பிபிபி, டிஐஎன்பி நான்கும் சேர்ந்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். கூட்டாக வகுத்ததில்தான் அர்த்தம் இருக்கிறது. உடலுக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை.

சட்டங்கள் முதலில் கைவைத்தது பொம்மைகளில். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் தற்காலிகத் தடை விதித்தது. 2005-இல் அதை நிரந்தரமாக்கி, டிஇஎச்பி, டிபிபி, பிபிபி மூன்றும் எந்தப் பொம்மையிலும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 0.1 சதவீதத்தில் எதையும் மென்மையாக்க முடியாது. ஆகவே நடைமுறையில் அது முழுத் தடை. அமெரிக்கா 2008-இல் அதே எல்லையை ஏற்றது. 2019 ஜூலை முதல் ஐரோப்பாவில் மின், மின்னணுப் பொருட்களிலும் நான்கு தாலேட்டுகளுக்கு அந்த எல்லை வந்தது. ஏற்றுமதிக்கு கேபிள் செய்பவர்கள் கலவையை மாற்றியது அதனால்தான். உள்ளூருக்கு ஒரு கலவை, ஐரோப்பாவுக்கு ஒரு கலவை என்று தயாரிக்க முடிகிறது என்பதை நம் ஒழுங்குமுறை அமைப்புகள் யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்கான ஐஎஸ் 9873 தரநிலையின் 9-ஆம் பகுதி தாலேட்டுகள் பற்றியது. திருவிழாக் கடையில் முத்திரை இல்லாமல் தொங்கும் வாடை வீசும் மென்பொம்மையை, பல் முளைக்கும் குழந்தையின் கையில் கொடுக்காமல் இருப்பதற்கு இது போதுமான காரணம். உணவுப் பொட்டலங்களில் டிஇஎச்பி ஒரு கிலோ உணவுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை சொல்கிறது. ஐரோப்பாவும் அதே அளவைத்தான் வைத்திருந்தது, 2023-இல் 0.6 ஆகக் குறைத்துவிட்டது.

ரத்தப் பை என்ற முடிச்சு

மாற்று இளக்கிகள் இல்லாமல் இல்லை. சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் சிட்ரேட்டுகள், தாலேட்டின் வளையத்தை ஹைட்ரஜன் ஏற்றி மாற்றிய டிஐஎன்சிஎச், வால்களை எதிரெதிர் மூலைக்கு நகர்த்திய டிஓடிபி, மெதுவாகவே வெளியேறும் டிஓடிஎம். பொம்மைக்கும் தரைவிரிப்புக்கும் இவை போதும்; விலை சற்றுக் கூடும், அவ்வளவுதான். மலிவுக்காகச் சில இடங்களில் சேர்க்கப்படும் குளோரினேற்ற பாரஃபினை மட்டும் மாற்று என்று எண்ணிவிடக் கூடாது. அதன் குட்டைச் சங்கிலி வகையை 2017-இல், எளிதில் அழியாத நச்சுப்பொருட்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நீக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

மருத்துவத்தில் விஷயம் இவ்வளவு எளிதல்ல. பிவிசி ரத்தப் பையிலிருந்து டிஇஎச்பி ரத்தத்தில் இறங்குகிறது என்பதை 1970-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேகர், ரூபின் என்ற இருவர் வெளிப்படுத்தினார்கள். அப்படி இறங்கும் டிஇஎச்பி ரத்தச் சிவப்பணுக்களின் சவ்வில் அமர்ந்து அவை சிதையாமல் காக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. சிவப்பணுக்களை 42 நாள்வரை சேமிக்க முடிவதில் அந்தப் பைக்கும் பங்கிருக்கிறது. முன்பு ரத்தம் சேமித்த கண்ணாடிப் பாட்டில் உடையும், கிருமித்தொற்றுக்கும் காற்றுக்குமிழிக்கும் இடம்தரும். பை வந்தபின் ஒரே ரத்தத்தைப் பிரித்துப் பலருக்கு ஏற்ற முடிந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உள்நாட்டிலேயே ரத்தப் பைத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது இந்தியாவுக்குப் பெரிய கொடை. விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு ஒரு பை ரத்தம் ஏற்றும்போது இளக்கியைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறொரு படுக்கையில். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஆண் குழந்தைக்கு மூச்சுக்காற்று, உணவு, நரம்புவழிக் கொழுப்புச் சத்து, ரத்தம் எல்லாம் ஒரே நேரத்தில், வாரக்கணக்கில், பிவிசிக் குழாய்கள் வழியாகப் போகின்றன. எடை ஒரு கிலோகூட இருக்காது. வெளியேறுவதை வேகப்படுத்தும் கொழுப்பு, நேரம், பரப்பு எல்லாம் அங்கே கூடுகின்றன. உடலோ பாதிப்புக்கு மிகவும் உள்ளாகக்கூடிய பருவத்தில் இருக்கிறது. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் வல்லுநர் குழு 2006-இல் இந்தக் குழந்தைகளைக் குறித்துத்தான் தீவிரக் கவலை என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-இலேயே, மாற்று கிடைக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துமாறு மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. டிஇஎச்பி இல்லாத சலைன் பைகளை 2030 முதலும் குழாய்களைப் பின்னரும் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2024-இல் நிறைவேற்றியது.

நம் மருத்துவமனைகளில் கெட்டியான சலைன் பாட்டில் பெரும்பாலும் பாலியெத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அதில் இளக்கி தேவையில்லை. அதிலிருந்து நரம்புக்குப் போகும் குழாய் பெரும்பாலும் பிவிசி. பச்சிளங்குழந்தைகளுக்கு உணவு செலுத்தும் குழாய்களையும் கொழுப்புச் சத்து ஏற்றும் குழாய்களையும் பாலியூரிதேன், சிலிகோன், பாலியெத்திலீன் உட்பூச்சு போன்றவற்றுக்கு மாற்றுவது இன்றே சாத்தியம். உறையின்மேல் PHT என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு குறியீடு இருந்தால் உள்ளே தாலேட் இருக்கிறது. அது குறுக்குக் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தால் இல்லை. அரசு மருத்துவமனைகளின் கொள்முதல் விதிகளில், பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வாங்கும் குழாய்களுக்குக் குறுக்குக் கோடிட்ட அந்தக் குறியீட்டைக் கட்டாயமாக்கத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. டெண்டர் ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.